மேசைமேல் வைத்த கரண்டி

கொர்னேலியஸ் தீசன் தன் மகள் கையால் சூப் குடித்துவிட்டார் என்ற செய்தி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பால் கேன்களோடு சேர்ந்து எங்கள் சாலைக்கு வந்தது. கொண்டுவந்தவர் பால்வண்டி ஹார்டர். சீஸ் ஆலைக்குப் போகிற வழியில் என் கடை முன்னால் குதிரைகளை நிறுத்தி, ஒரு பை சூரியகாந்தி விதை வாங்கி, தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்.

"கேட்டியா வெள்ளரி? தீசன் கிழவர் வாயைத் திறக்கிறாரு, யுஸ்டீனா ஊட்டுறா. பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியா கண்ணால பாத்திருக்காங்க."

"எத்தனை கரண்டி?"

"எண்ணுறதுக்குள்ள திரைச்சீலை ஆடிருச்சாம்."

வெள்ளரி நான்தான். எங்கள் மென்னோனைட் கிறிஸ்தவ ஜனத்தில் பெயர்களுக்குப் பஞ்சம். பதினொரு பீட்டர் வீபேக்கள் இருக்கிற இடத்தில் பட்டப்பெயர் இல்லாவிட்டால் கடிதம்கூட வந்து சேராது. என் தாத்தா ஒரே ஒரு வருஷம் வெள்ளரி போட்டு நஷ்டப்பட்டார். மூன்று தலைமுறையாக நாங்கள் வெள்ளரி.

ஒரு கிழவர் சூப் குடித்ததில் என்ன செய்தி என்று கேட்கலாம். யுஸ்டீனா சபையிலிருந்து விலக்கப்பட்டவள். விலக்கப்பட்டவர் கையிலிருந்து சபையார் எதையும் வாங்கக்கூடாது. ரொட்டியானாலும் ஊசியானாலும் அவர் அதை மேசைமேல் வைக்க வேண்டும். கையை எடுத்த பிறகு மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். இடையில் ஒரு பலகை வந்துவிட்டால் பாவம் கழன்று விழுந்துவிடுகிறது. எந்த மரத்துப் பலகை என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

ஆகவே கிழவர் குடித்தது உண்மையென்றால், வியாழக்கிழமை நடக்கிற பிரசங்கிமார் கூட்டத்தில் அவர் பெயரைப் படிப்பார்கள். எழுபத்தொன்பது வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பெயர் படிக்கப்பட்டால் சபைக்கு வெளியே நின்று சாக வேண்டும். அந்த மனிதருக்குச் சாவின் மேல் பயம் கிடையாது. இதன் மேல்தான் பயம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், மாதம் இரண்டு முறை வருகிற எங்கள் பத்திரிகையின் என் பத்தியில் அதை எழுதினேன். யாரையும் விசாரிக்கவில்லை. ஒன்பது வருஷச் சுவரை ஒரு கரண்டி இடித்துவிட்டது என்றும், பெரிய பெரிய தொப்பிகள் செய்ய முடியாததை ஒரு நூடுல்ஸ் சூப் செய்துவிட்டது என்றும் எழுதி, நானே இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். பெயர் போடவில்லை. பெயர் போடாததால் எல்லாருக்கும் தெரிந்தது.

பத்திரிகை வந்த வாரம் யுஸ்டீனாவின் கணவன் டீட்ரிக் பிக்கப்பில் வந்து இறங்கினான். ஊரார் வைத்த பெயர் ரப்பர் டீட்ரிக். எங்கள் ஜனம் பழைய ஒழுங்குப்படி வாழ்கிற காலனியில் டிராக்டருக்கு இரும்புச் சக்கரம்தான் இருக்க வேண்டும்; அங்கே ரப்பர் டயர் மாட்டியவன் அவன். டயர் வாங்கியது அவன்; விலக்கு இரண்டு பேருக்கும்.

"உன் பத்தியை பிரசங்கியார் க்னெல்சன் உரக்கப் படிச்சாராம்" என்றான். "அந்தப் பத்திரிகையைக் கையால தொடமாட்டேன்னு சொல்ற மனுஷன்."

"நல்லபடியாத்தானே எழுதியிருந்தேன்."

"ரொம்ப நல்லபடியா. வர்ற வியாழக்கிழமை மாமனார் பேரைப் படிக்கப் போறாங்க. நடந்துச்சான்னு எங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"நடக்கலையா?"

"எனக்கென்ன தெரியும்? உன் பத்தி வந்ததிலேருந்து அவ மாவு உருட்டிக்கிட்டே இருக்கா. வீட்டுல உக்கார நாற்காலி இல்ல, எல்லாத்துலயும் நூடுல்ஸ் காயுது."

அதற்குப் பிறகுதான் விசாரிக்கப் போனேன்.

யுஸ்டீனாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாற்பத்து நான்கு வயது, ஆறு பிள்ளைகள். ஒன்பது வருஷமாகக் காலனி எல்லையிலிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். பிக்கப் ஓட்டுவாள், போன் வைத்திருக்கிறாள், சாந்தா குரூஸ் சந்தையில் நூடுல்ஸ் விற்கும்போது ஸ்பானிய மொழியில் பேரம் பேசுவாள். தலையில் கறுப்புத் துணி மட்டும் இன்னும் இருக்கிறது. அவிழ்த்தால் கழுத்தில் குளிர்கிறதாம். நாற்பது டிகிரி வெயிலில்.

ஞாயிறுதோறும் அப்பாவைப் பார்க்கப் போவாள். காலனி மண்ணில் ரப்பர் படக்கூடாது என்பதால் பிக்கப்பை எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து ஒரு மடக்கு மேசையை இறக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடப்பாள். விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாதே. முதல் வருஷம், அப்பாவோடு இருக்கிற தங்கை சூஷ் அவளுக்காகத் தையல் மெஷினைக் காலிசெய்து அதன்மேல் தட்டு வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அடுத்த வாரத்திலிருந்து யுஸ்டீனா தன் மேசையைத் தானே கொண்டுவந்தாள். அதை அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் போட்டு, இரண்டின் மேலும் ஒரே ரெக்சின் விரிப்பை விரிப்பாள். மேலிருந்து பார்த்தால் ஒரே மேசை. கீழே குனிந்து பார்க்கிறவருக்கு இரண்டு. பிரசங்கிமார் குனியலாம், தடை இல்லை.

நான் போனபோது சமையலறை முழுக்க மாவு.

"வா பீட்டர். அந்த ஸ்டூல்ல மட்டும்தான் ஈரம் இல்ல."

"எழுதினதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எதுக்கு? ரொம்ப நல்ல பொண்ணாத்தானே எழுதியிருக்க. படிச்சுட்டு, இப்படி ஒருத்தி எங்கப்பாவுக்கு இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு நெனச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்பா வாயைத் திறந்தாரு. அது நெசம்" என்றாள்.

"அப்புறம்?"

"நான் கரண்டியை மேசைமேல வச்சேன்."

நடந்தது இவ்வளவுதான். அன்று அவள் கோழி சூப் கொண்டுபோயிருந்தாள், அன்னாசிப்பூ போட்டு, அப்பாவுக்குப் பிடித்த மாதிரி. வழக்கமாக அவள் கரண்டியை மேசைமேல் வைப்பாள், சூஷ் எடுத்து ஊட்டுவாள். ஊட்ட ஆரம்பிக்கும்போது கொட்டிலிலிருந்து சூஷின் கணவன் கத்தினான். பசுவுக்குக் கன்று பாதியில் சிக்கிக்கொண்டது. சூஷ் ஓடிவிட்டாள். இரண்டு மணி நேரம் வரவில்லை.

யுஸ்டீனா கரண்டியில் சூப் எடுத்து, அப்பாவின் இடதுகைப் பக்கம் பிடி இருக்கும்படி மேசை விளிம்பில் வைத்தாள். அவர் எடுக்கப் பார்த்தார். கை நடுங்கி மடியில் கொட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி கொட்டியது. ஐந்தாவதோ ஆறாவதோ தடவை, அவர் கையை நீட்டவே இல்லை. கரண்டி அவள் கையில் நிறைந்து நிற்க, அவளைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"குஞ்சு மாதிரி" என்றாள் யுஸ்டீனா. "இந்தா, இவ்வளவு தூரம்தான் இருக்கும்." மாவுக் கையால் காட்டினாள். ஒரு சாண்.

"யாரோ பாக்கிறாங்கன்னு பயந்துட்டியா?"

"அந்தம்மா நின்னது எனக்குத் தெரியாது பீட்டர். யாருமே இல்லைன்னு நெனச்சப்பதான் வச்சேன். அதான்." கொஞ்சம் உருட்டினாள். "அவரு ரொம்ப நேரம் வாயை மூடல. நான் விரிப்பையே பாத்துக்கிட்டு இருந்தேன். திராட்சைக் குலை போட்ட விரிப்பு. ஒரு குலையில பதினாலு பழம்."

வதந்தி அவளை நல்ல மகளாக்கியிருந்தது, அப்பாவைக் கெடுத்திருந்தது. உண்மையைச் சொன்னால் அப்பா தப்பிப்பார். பசித்து வாய் திறந்த தகப்பனுக்குக் கரண்டியை மேசையில் வைத்தவள் என்று அவளை ஊர் அறியும். இதைத்தான் இத்தனை நாளாக அந்த மாவோடு சேர்த்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையே அவள் அப்பா வீட்டுக்குப் போய்ப் பிரசங்கியாருக்கு ஆள் அனுப்பினாள். நானும் கூடப் போனேன். அந்தச் சபையில் ஞானஸ்நானம் வாங்காதவன் நான்; என்னை விலக்க முடியாது, திட்டலாம். க்னெல்சன் இன்னொரு பிரசங்கியாரோடு வந்து, தொப்பியை முழங்காலில் வைத்து உட்கார்ந்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"நீ கண்ணால பாத்தியா?"

"இல்லீங்க."

"பின்ன எப்படி எழுதின?"

"கேள்விப்பட்டேங்க" என்றேன். ஒரு பத்திக்கு வேண்டிய சாதுரியமெல்லாம் தலையில் இருந்தது. வாயில் வந்தது இவ்வளவுதான். சூஷின் சின்னப்பிள்ளைகள்கூட என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யுஸ்டீனா நின்றுகொண்டே சொன்னாள். கரண்டி, மடியில் கொட்டியது, துடைத்தது, எல்லாம். குரல் நடுங்கவில்லை, கழுத்து மட்டும் சிவந்துகொண்டே போனது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். க்னெல்சன் அதைச் சரியாகப் பிடித்தார்.

"வாயைத் திறந்தாருன்னு அந்தம்மா சொல்றாளே? உன் கையிலேருந்து வாங்கத்தானே திறந்தாரு?"

"கொட்டாவி விட்டாருங்க."

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கா?"

"படுக்கையில கெடக்கிறவருக்கு மணி ஏதுங்க?"

க்னெல்சன் கிழவர் பக்கம் திரும்பினார். "கொர்னேலியஸ், அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

கிழவர் கோணிய வாயோடு நெடுநேரம் முயன்றார். "சூப் ஆறிப்போச்சு" என்றார். அவ்வளவுதான் அவருடைய சாட்சியம்.

இரண்டு பிரசங்கிமாரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். க்னெல்சன் எழுந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல; சந்தோஷமாகவே சொன்னார்: "நீ சரியாத்தான் நடந்திருக்க, யுஸ்டீனா. வெளிய போனவங்கள்ல உன்னை மாதிரி ஒழுங்கை மதிக்கிறவளை நான் பாத்ததில்ல. நாளைக்கு உன்னைத்தான் உதாரணமா சொல்லப் போறேன்."

ஒன்பது வருஷத்தில் சபை அவளுக்குக் கொடுத்த முதல் பாராட்டு. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. விரிப்பைப் பார்த்தேன். பதினாலு பழம், சரிதான்.

க்னெல்சன் சொன்னபடியே செய்தார். சந்தையில் காலனிப் பெண்கள் அவளிடம் வந்து, "கேள்விப்பட்டோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றெல்லாம் கடையைச் சீக்கிரம் மூடினாள்.

கிழவர் இன்னும் ஏழு ஞாயிறு இருந்தார். அந்த ஞாயிறுகளிலும் சூஷ்தான் ஊட்டினாள். ஒரு தடவையாவது நீ ஊட்டியிருக்கலாமே என்று நான் கேட்டேன். "பொய் சொல்லிக் காப்பாத்துனதை ஊட்டிக் கெடுக்கச் சொல்றியா?" என்றாள். காலனிக் கல்லறையில், முறையான வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள். புதைத்தவரைத் தோண்டியெடுத்து விலக்க அந்தச் சபை ஒழுங்கில் வழி இல்லை. அதை விசாரித்துக்கொண்டுதான் கொட்டாவியைப் பற்றி எழுதுகிறேன். யுஸ்டீனாவிடமும் கேட்டேன். "இந்தத் தடவை கேட்டுட்டு எழுதுற. எழுதிக்க" என்றாள்.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு உலர்திராட்சை ரொட்டியும் காப்பியும். அவள் தன் மடக்கு மேசையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு அதை மடக்கிக்கொண்டிருந்தபோது சூஷ் வந்தாள்.

"அக்கா, என் கரண்டி ஒண்ணு உன்கிட்ட இருக்கு."

பிரசங்கிமார் வந்த அன்று யுஸ்டீனா அந்தக் கரண்டியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். சூஷின் கல்யாணத்துக்கு வந்த ஆறில் ஒன்று.

"ஆமா, இருக்கு."

"கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேன்."

"அப்போ மேசைமேல வை."

"மேசைமேல வைக்கமாட்டேன் சூஷ். கையை நீட்டு, தர்றேன்."

சூஷ் கதவுப் பக்கம் பார்த்தாள். முற்றத்தில் க்னெல்சனின் வண்டி நின்றது. கையை ஏப்ரனில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா" என்றாள்.

அதற்குப் பிறகு நாலு தடவை கேட்டுவிட்டாள். நாலு தடவையும் யுஸ்டீனா அதைக் கொண்டுபோய், அப்படியே திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள். சூஷ் வீட்டில் இப்போது ஐந்து கரண்டி. ஆறாவது ஆள் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கிறார்.