வலது காதில் ஒரு ஸ, இடது காதில் ஒரு ஸ

சைகோனில் அலுவலக விருந்து என்றால் கரோக்கே இல்லாமல் முடியாது. அன்று என் கணவர் ஆளுயர ஸ்பீக்கருக்கு வலது காதைக் கொடுத்து, விருந்து முடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் வீணையை எடுத்தவர் தந்தியை முறுக்கும் பிருடையை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. மழைக்கால ஈரம் என்றார். பிறகு போனில் இருக்கும் சுருதிப்பெட்டி சரியில்லை என்றார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீ சுருதி இறங்கிப் பாடுற."

எனக்கு வந்ததே கோபம்! வெள்ளிக்கிழமை இங்குள்ள மாரியம்மன் கோயிலில் நவராத்திரிக்கு நான் பாட, அவர் வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தோம். யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என, வேண்டிய உயரத்தில் ஒலி எழுப்பும் ஒரு செயலியைப் போனில் இறக்கினேன்.

முதலில் எனக்கே வைத்துப் பார்த்தேன். ஸவில் தொடங்கி இம்மி இம்மியாக ஏற்றினேன். அடுத்த ஸ்வரம் வந்து சேர்வதற்குள் இத்தனை படிகளா? பெயரே இல்லாத ஒலிகள், ஆனால் ஒன்று வேறு, அடுத்தது வேறு என்று காது பிரித்துச் சொல்கிறது. இவ்வளவு நாளும் இதையெல்லாம் தாண்டிக் குதித்துப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் போன இடம் தெரியவில்லை. அடுப்பில் வைத்த ரசம் பொங்கி வழிந்தது.

அடுத்து அவர். ஒரே ஒலி; இயர்போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினேன்.

"ஏன் ஏத்தின?"

"நான் தொடவே இல்லைங்க."

என் கையிலிருந்து பிடுங்கித் தானே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மறுநாள் டாக்டரிடம் போனோம்.

பலத்த சத்தம் பட்டால் ஒரு காது மட்டும் அதே ஒலியைச் சற்று ஏற்றிக் காட்டுவது உண்டாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஒரு ஒலி உள்ளே போய் இரண்டாக முடியுமா என்று எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. கணவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் வீணைக்கு உறையைப் போட்டார்.

"இனிமே நான் தொடமாட்டேன்."

அந்த வீணை இல்லாத மனிதரை எனக்குத் தெரியாது. பயந்துபோனேன்.

"சுருதி நான் சேக்கறேன். வீணை மேல மெட்டுக்கட்டையெல்லாம் அதது இடத்துலதான இருக்கு? விரல் வைக்க உங்களுக்குத் தெரியாதா?"

"தந்திய இழுக்கற இடம்? அங்க காதுதானே வேணும்?"

"அங்கெல்லாம் என்னப் பாருங்க."

வெள்ளிக்கிழமை, கையில் ஊதுபத்திக் கட்டுடன் வந்துபோகும் வியட்நாமியப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். ஒவ்வொரு இழுப்பிலும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் புருவம் சுருக்கினால் இன்னும் கொஞ்சம் இழுத்தார். பாடிக்கொண்டே தலையசைத்தால் விட்டார். அவர் காதில் அது பிசகாகத்தான் விழுந்திருக்கும்.

சரணத்தில் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் அடி மறந்து என் பாட்டு நின்றது. அவர் தனியாகத் தந்தியை இழுத்துப் பிடித்தார். அச்சாக அந்த ஸ்வரம். அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. நான் தலையசைக்கும்வரை விரலை எடுக்காமல் காத்திருந்தார்.