திட்டுவதற்கு ஆள் இல்லாத கிளினிக்

நெல்லித்தோப்பில் நானும் மேடமும் சேர்ந்து நடத்திய பிசியோதெரபி கிளினிக்கில் வேலைப் பங்கீடு எளிமையானது. மேடம் திட்டுவார், நான் சமாதானம் சொல்வேன். உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. அவரவர் சுபாவப்படி அமைந்துவிட்டது. மேடம் வீட்டில் பிரெஞ்சு பேசுகிற குடும்பம்; என்னைக்கூட 'சார்' என்பதற்குப் பதில் 'முசே' என்றுதான் கூப்பிடுவார். கோபம் மட்டும் சுத்தமான புதுச்சேரித் தமிழில் வரும்.

"யோவ், கால இழுக்காத, தூக்கி வை! உம் பொண்டாட்டி எத்தினி நாளைக்குத்தான் உன்னத் தாங்குவா?"

பக்கவாதம் வந்த மீனவர் ஒருவரை இப்படித்தான் இரட்டைக் கம்பிக்கு நடுவில் நடக்க வைத்துக்கொண்டிருந்தார். நல்ல பெயரெல்லாம் எனக்கு, சாபமெல்லாம் அவருக்கு. "உங்களுக்குக் கோயில் கட்டுவாங்க முசே, என்னை வாசல்லகூட விடமாட்டாங்க" என்பார். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. சிரித்துக்கொண்டே அடுத்தவரைத் திட்டப் போவார். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்து கிளினிக்கைத் திறந்த அன்று, மீனவரை அவர் மனைவி தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். மனிதர் கம்பியைப் பிடித்தார், அசையவில்லை. இப்போது விட்டால் அந்தக் கால் பிறகு பழகுவது கஷ்டம். கடலுக்குப் போவதை விடுங்கள், கழிவறைக்குப் போகவே காலம் முழுக்கத் துணை வேண்டியிருக்கும்.

"ஐயா, மெதுவா, ஒரே ஒரு அடி" என்று கெஞ்சிப் பார்த்தேன். ஊஹூம்.

"மேடம் இல்லாம கால் வரமாட்டேங்குது சார்."

எனக்கு எங்கிருந்தோ எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இவர் மேலா, இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போனவர் மேலா, தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் நல்லவனாக இருந்தது அவர் தயவில்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"யோவ், அவங்க தொண்ட கிழியக் கத்துனதெல்லாம் வீணாப் போவணுமா? எடுத்து வைய்யா!"

பாதியிலேயே என் குரல் உடைந்துவிட்டது. ஆனால் அவருடைய கால் எழுந்தது. கம்பியின் கடைசி வரை போய், திரும்பி, என்னிடமே வந்து நின்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பரவால்ல சார்" என்றார். "மொத தடவதான? போகப் போக நல்லாத் திட்டுவீங்க."