மூன்று முறை அழைத்தவர்

பக்தவச்சலத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. திருவொற்றியூரில் சொந்த வீடு. ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருட சர்வீஸ். எதிர் மேசையில் கணினி தட்டுகிற நான் இரண்டு வருடமாக அவரைப் பார்க்கிறேன். அவரால் ஒரு காரியம் உருப்பட்டு இன்னும் பார்க்கவில்லை.

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, நாலு சொட்டு ரத்தத்தை அட்டையில் ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தைராய்டு குறைந்த குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட வேண்டும். தவறினால் மூளை வளர்ச்சி கெட்டுப்போகும். பிறகு எதைக் கொடுத்தாலும் முழுசாகத் திரும்பாது. முடிவில் சந்தேகம் வந்தால் தாயைத் திரும்பக் கூப்பிடுவதுதான் பக்தவச்சலத்தின் வேலை. அதற்கு அவர் வாங்கி வைப்பது புருஷன் நம்பர் மட்டும். "பொம்பளைங்க நம்பர் மாத்திகினே இருக்கும்பா. வூட்டுக்காரன் நம்பர்தான் கெட்டி."

இந்தப் பக்கத்துப் புருஷர்களில் பாதிப்பேர் கடலில், மீதிப்பேர் கன்டெய்னர் லாரியில். பிள்ளை பெற்றவளோ அம்மா வீட்டில். இது காசிமேட்டு நண்டுக்குக்கூடத் தெரியும்.

மலிகாவின் பெண்குழந்தைக்கு முடிவு மோசமாக வந்த அன்று, விசைப்படகு ஓட்டும் அவள் புருஷன் ரஞ்சித்துக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. டீ ஆறுவதற்குள் மூன்று தடவை அடித்து முடித்து, 'மும்முறை அழைத்தும் பதில் இல்லை' என்று எழுதிச் சிவப்புக் கோடு இழுத்தார். கடமை முடிந்த முகத்தோடு வடையைப் பிய்த்தார். அம்மா வீட்டு விலாசத்தைத் தேடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த பெயரைத் தட்டப் போய்விட்டேன். அவர் மேல் வருகிற வெறுப்பில் பாதி என் மேலும் வர வேண்டும்.

நான்காம் நாள் மலிகாவே புளியந்தோப்பு அம்மா வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து நின்றாள். குழந்தைக்குப் பதிமூன்று நாள்.

"சார், கொயந்த பால் குடிக்க மாட்டேன்து. எயுப்பினாலும் தூங்கிகினே கீது."

"தூங்குனா நல்லதுதானம்மா. என் பேரன் தூங்கவே மாட்டேன்றான், ஒரே பேஜாரு."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் திறந்திருந்த பதிவேட்டைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இது எம் பேரு. இன்னாத்துக்கு செவப்பு கோடு?"

"ரத்தத்துல ஏதோ கொஞ்சம்... கூப்ட்டோம்மா. உன் வூட்டுக்காரன் எடுக்கல."

"அவரு நடுக்கடல்ல கீறாரு நைனா! மீனு இன்னா தலைல டவர் வச்சிகினா சுத்துது? பெத்துட்டு மூணு நாளு இங்கதான படுத்துனு இருந்தேன். எங்கைலயும் போன் கீது. கேட்டியா நீ?"

"கத்தாதம்மா. இது ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரின்னு உனுக்குத் தெரியுதா? அது போதும் போ."

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்து பதிவேட்டைப் பார்த்தார். குழந்தையை டாக்டரிடம் தூக்கிப்போனார். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைப் பொடித்து, தாய்ப்பாலில் குழைத்து, ஸ்பூனில் ஊட்டினார்கள். கெடு தாண்ட ஒரே நாள்தான் மிச்சம் என்றார் டாக்டர்.

பக்தவச்சலம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, 'அழைப்பின் பேரில் தாய் வந்தார்' என்று நிதானமாக எழுதி, கணினியில் ஏற்ற என் பக்கம் தள்ளினார்.

'தாய் வந்தார்' என்று மட்டும் தட்டினேன்.