பவுடரக்கா போட்ட முகம்

ஒரு முறை, பவுடரக்காவின் கடைக்குக் கல்யாண அலங்காரத்துக்கு வந்த பெண் பயத்தில் நாற்காலியிலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். சொல்ல வாய் வராமல், கண்ணாடிக்குள் தெரிந்த பவுடரக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று ஒரு பட்டாளமே நின்றது. பவுடரக்கா கீழே ஒரு பார்வை பார்த்தாள். மேசைமேல் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அந்தப் பெண் மடியிலும் தன் மடியிலுமாக ஒரேயடியாகக் கவிழ்த்தாள்.

"ஐயையோ, என் கை ஓட்டைக் கை! புள்ளைய நனைச்சுட்டேனே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். வெளியே நின்றவர்கள் திட்டினார்கள். அவள் திட்டை வாங்கிக்கொண்டு, மாற்றுத்துணி எடுத்துக் கொடுத்தாள்.

இதைப் பார்த்த ஒரே ஆள் அவளுடைய தம்பி மனைவி. கடையில் துண்டு துவைப்பதும் ஊசி எடுத்து நீட்டுவதும் அவள் வேலை. நாத்தனார் இவ்வளவு பெரிய மனசுக்காரியா என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். துணி மாற்றிவிட்ட அதே கை, அந்தப் பெண்ணுக்கு இருபது வயது முகத்தையும் போட்டு அனுப்பியது. அவளுக்குப் பதின்மூன்றுகூட நிறையவில்லை.

அந்த நாளில் சட்டத்தில் பெண்ணுக்கு இத்தனை வயது என்று கிடையாது; பார்வைக்குப் பெரியவளாகத் தெரிந்தால் போதும். தகப்பன் வந்து "என் பொண்ணுக்கு இருபது" என்பான். பதிவு அதிகாரி பெண்ணை ஒரு பார்வை பார்த்துத் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான், அவளுக்கு இருபது. அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. அதிகாரி பார்ப்பதோ பவுடரக்கா போட்ட முகத்தை. கன்னத்துக் குழந்தைச் சதையை நிழல் பூசி ஒடுக்குவாள். புருவத்தை வளைத்து இழுப்பாள். கண்ணோரம் ஒரு கோடு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உட்கார்ந்த இடத்தில் ஒரு குடும்பப்பெண் எழுந்து நிற்பாள்.

அன்றைக்கு எழுந்து நின்றவளின் ஒரு புருவம் மட்டும் லேசாக மேலே ஏறி இருந்தது, ஏதோ கேட்க வாயெடுத்தவள்போல. பவுடரக்கா எவ்வளவு திருத்தியும் அது இறங்கவில்லை. மறு வருஷம் பிரசவத்தில் அந்தப் பெண் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. பவுடரக்கா கடையைச் சாத்திவிட்டுக் கடவுளைக் கும்பிட்டாள். பிறகு பிழைப்புக்காகத் திறந்தாள்.

திறந்த பிறகு வந்த முதல் பெண்ணுக்கு உருண்டை முகம், பரந்த நெற்றி. பவுடரக்கா பூசி முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். கண்ணாடியில் செத்துப்போனவள் இருந்தாள். அதே புருவம். தம்பி மனைவியின் கையிலிருந்த ஊசிகள் தரையில் கொட்டின. வெளியே நின்ற சொந்தக்காரர்களோ, "அடடா, மூக்கும் முழியுமா எப்படி எடுத்துக் கொடுத்துட்டாங்க!" என்று புகழ்ந்தார்கள்.

பவுடரக்கா தூரிகையை மாற்றிப் பார்த்தாள். விளக்கை இடம் மாற்றினாள். சாயத்தையே மாற்றினாள். அந்த முகம் மாறவில்லை. "அக்கா போடுற பொண்ணுங்க எல்லாம் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்காங்க" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் கிண்டல் செய்தார். அவள் சிரிக்கவில்லை.

எல்லார் முகத்திலும் அது வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் தம்பி மனைவிதான். முப்பது வயதில் மறுமணம் செய்துகொள்ள வந்த நர்சுக்கு நர்சின் முகமே நின்றது. கல்லூரி முடித்த பெண்ணுக்கும் அப்படியே. பிஞ்சு வந்து உட்கார்ந்தால் மட்டும் அந்தச் செத்தவள் வந்தாள்.

"அண்ணி, இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஆண்டவன் கொடுத்த வயச நான் அழிச்சு எழுதுறேன் இல்ல? அதைக் காட்டுறா" என்றாள் பவுடரக்கா.

அன்று முதல் சின்னப் பெண்களுக்குப் போடுவதை நிறுத்தினாள். நிறுத்தினால் போதாது, வேறு கடையில் போட்டுக்கொள்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் ஒரு வக்கீலம்மா, பதினெட்டுக்குக் கீழே கல்யாணம் கூடாது, பெண்ணைத் தனியாக அழைத்து அவள் சம்மதத்தைக் கேட்க வேண்டும், பெண்ணின் சொல்லுக்கும் ஆணின் சொல்லுக்கும் ஒரே மதிப்பு வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தார். அவரோடு பவுடரக்காவும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "முகத்துக்குப் பவுடர் போடுறவ இப்போ சட்டத்துக்கும் போடப் போறாளாம்!" என்று சிரித்தவர்கள் உண்டு. கடைப் பலகையில் சாணி அடித்தவர்களும் உண்டு. துண்டு துவைக்கிற வேலை குறைந்தது. பலகை கழுவுகிற வேலை கூடியது.

இந்த நேரத்தில்தான் தம்பி, தன் மகளுக்கே மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தான். தம்பி லாரி ஓட்டுகிறவன். தன் முதலாளியின் மைத்துனனுக்குப் பேசி முடித்திருந்தான். மகளுக்கு வயது பதினாலு. எந்நேரமும் கீச்சுக்கீச்சென்று பேசுவதால் வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர். பெற்றவள் அழுதாள், சோறு பொங்க மாட்டேன் என்றாள், காலைக்கூடப் பிடித்தாள். அவன் அசையவில்லை. சட்டம் அவன் பக்கம் இருந்தது. அம்மா சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

நேரே கடைக்கு வந்தான்.

"ஊரான் பொண்ணுக்கெல்லாம் கை கூசாம போட்டியேக்கா. எம் பொண்ணுன்னா மட்டும் கை நடுங்குதோ?"

பவுடரக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். "நடுங்கலடா. போடுறேன். நாள் மட்டும் நான் சொல்றதா இருக்கட்டும்."

"அண்ணி, நீங்களுமா?" தம்பி மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"நீ சாமியக் கும்பிட்டுக்கிட்டு எங்கூட வா" என்றாள் அவள்.

அவள் சொன்ன நாளில், சட்டத்தை மாற்றலாமா என்று ஊராரைக் கேட்க ஓர் அரசாங்கக் குழு வந்து உட்கார்ந்திருந்தது. பதிவு அலுவலகத்துக்கு மேல்மாடியில் கூடம். கீழே தம்பியும் மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருக்க, பவுடரக்கா குருவியைப் பக்கத்துப் படி வழியாக மேலே கூட்டிப்போனாள். பின்னாலேயே ஈரத்துண்டோடு அம்மாக்காரி. முகம் போட்டுக் கடையை விட்டுக் கிளம்பியதிலிருந்து குருவி ஒரு வார்த்தை பேசவில்லை. குருவி பேசாமல் நடந்ததை அவள் பிறந்ததிலிருந்து அம்மா பார்த்ததே இல்லை. பிடித்த கை ஜில்லென்று இருந்தது.

"கல்யாணப் பொண்ணு சார். வயசு என்னன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாள் பவுடரக்கா.

"இருபத்தொண்ணு இருக்கும்" என்றார் ஒருவர்.

"பொம்பளைங்க வயசச் சொல்லி எங்கள மாட்டிக்கச் சொல்றீங்களே" என்று இன்னொருவர் சொல்ல, கூடமே சிரித்தது.

ஓரத்தில் இருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கீழ் அலுவலகத்தில் நெடுங்காலம் பதிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்தப் பொண்ணா... இது செத்துப்போச்சேம்மா" என்றார். "எங்கிட்ட ஏதோ கேக்க வந்துச்சு. அடுத்த ஆள் வாங்கன்னு சொல்லிட்டேன்."

 அப்போதுதான் விஷயம் தெரிந்து தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"குருவி! வா கீழே!"

அவள் திரும்பவில்லை. "ஏய் குருவி! அப்பா கூப்பிடுறேன்ல?" அவன் முன்னால் வந்து முகத்தைப் பார்த்தான். அது அவன் மகள் இல்லை. அவனை யாரென்றே தெரியாத ஒருத்தி. ஏறிய புருவத்தோடு அவள் அந்தப் பெரியவரையே பார்த்தாள். வாய் திறந்தது.

"நான் வீட்டுக்குப் போகலாமா?"

குருவியின் குரல் அப்படி இருக்காது.

பெரியவர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பி, "போம்மா. போயிட்டு வாம்மா" என்றார். 

பவுடரக்கா ஈரத்துண்டை வாங்கி நெற்றியிலிருந்து மெதுவாகத் துடைத்தாள். சாயம் கரையக் கரைய, உள்ளேயிருந்து உருண்டைக் கன்னமும் பருவும் வெளியே வந்தன. குருவி கண்ணைக் கசக்கினாள்.

"அப்பா, எப்ப வந்தீங்க? ஏன் அழறீங்க? அத்தை, எனக்குப் பசிக்குது."

தம்பி மகள் கையைப் பிடித்து அதே பக்கத்துப் படி வழியாக இறங்கி வீட்டுக்குக் கூட்டிப்போனான். மாப்பிள்ளை வீட்டார் கீழே காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். லாரி வேலையும் அத்தோடு போயிற்று. அவன் அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

சட்டம் உடனே மாறிவிடவில்லை. பல வருஷம் இழுத்தது. வந்தபோது வக்கீலம்மாவின் தலை முழுக்க நரைத்திருந்தது. கல்யாணத்துக்கு முன் பெண்ணைத் தனியறையில் உட்காரவைத்து, முதலில் அவளைப் பேசவிட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அந்தப் பெரியவர்.

குருவி படித்தாள், வேலைக்குப் போனாள், தன் விருப்பத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அலங்காரம் அத்தைதான். முகம் கடைசிவரை குருவியாகவே இருந்தது. பெற்றவள் நிம்மதியாக மூச்சுவிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். பவுடரக்கா மட்டும் கண்ணாடிக்குள் யாரையோ தேடுகிறவள்போல நின்றாள்.

கொஞ்ச நாளில் பெட்டியைக் கட்டிவிட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம், பழைய சட்டமே நடக்கிற ஊருக்குப் போகிறாள். வழியனுப்பத் தம்பி மனைவி பேருந்து நிலையம்வரை வந்தாள்.

"இந்த வயசுல தனியா எதுக்கு அண்ணி? இங்கதான் அவ வர்றதே நின்னுபோச்சே. இனிமே என்ன பயம்?"

பவுடரக்கா படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

"நின்னுபோச்சுன்னா எங்க போயிருப்பா? அவ இன்னும் வீடு போய்ச் சேரலம்மா. அந்த ஊர்ல யார் முகத்துலயோ உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பா. நான் போய்த் துணைக்கு நிக்கிறேன். வெயில் ஏறுது பாரு, நீ கிளம்பு."