நீலக்காலில் தேள்கடி

பென்பூய்க்கு வாய்த்த தொழில் சோம்பேறிக்கென்றே படைத்தது. நைலின் மேற்குக்கரையில், மன்னர்களுக்கு மலையைக் குடைந்து கல்லறை கட்டும் ஊரில், அவன் நீலம் அரைப்பவன். அசல் நீலக்கல் கீழ்த்திசை மலைகளிலிருந்து வரவேண்டும். அது மன்னரின் கழுத்துக்கே பற்றாது. அதனால் பாட்டன் பூட்டன் காலத்திலேயே மணல், செம்புத்தூள், சுண்ணாம்பு எல்லாம் கலந்து சூளையில் சுட்டு நீல உருண்டை செய்யக் கற்றிருந்தார்கள். அதை அரைக்கும்போது நறநறவென்று விட்டால்தான் சுவரில் இரவு வானமாகவும் தெய்வங்களின் நீலத் தலைமுடியாகவும் நிற்கும். மாவாக அரைத்தால் வெளுத்துவிடும்.

"இவன் மட்டும் சுறுசுறுப்பா இருந்திருந்தா நம்ம தெய்வங்களுக்கெல்லாம் முடி நரைச்சிருக்கும்" என்பான் பக்கத்து வீட்டு ஓவியன் காஹா.

திருநாள் நெருங்கியது. வீட்டில் பீர் காய்ச்ச ஊறவைத்தது பொங்கி நின்றது. வேலைக்குப் போனால் கெட்டுவிடும். பென்பூய், தன்னைத் தேள் கடித்துவிட்டதாக மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தான்.

மேஸ்திரி இரக்கமுள்ளவர். ஊருக்குப் புதிதாக வந்திருந்த தேள்கடி மந்திரவாதி ஹூயியைக் கையோடு அழைத்துவந்துவிட்டார். பின்னாலேயே காஹாவும் வந்தான்.

ஹூயி போர்வையை விலக்கினார். பென்பூயின் இடதுகால் முழங்கால்வரை நீலம். அம்மிக்கு முன் கால் நீட்டி அரைப்பவன். கழுவும் வழக்கம் கிடையாது.

"விஷம் முட்டிக்கு ஏறிடுச்சு. இடுப்பத் தாண்டுனா நம்ம கையில இல்ல" என்றார் ஹூயி.

பென்பூய் மனைவியைப் பார்த்தான். வெப்கெத் கூரையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் பொய்விடுப்புக்குப் பிரம்படி. காஹாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நேத்துகூட நல்லாத்தானய்யா இருந்தான்."

ஹூயி தொடையை இறுகக் கட்டினார். பச்சை வெங்காயத்தை வாயில் திணித்து, வேப்பங்காயைத் தோற்கடிக்கும் கஷாயத்தை ஊற்றினார். பென்பூய் குமட்டக் குமட்ட, காஹா மேஸ்திரியிடம் அவனுக்குக் கட்டவேண்டிய கல்லறை பற்றிப் பேசத் தொடங்கினான்.

"சுவத்துல இவன் படத்துக்குத் தலைமுடி நீலம் நான் என் கையால பூசறேன். நல்ல மனுசன். காய்ச்சுற பீருதான் கழுத மூத்திரம் மாதிரி இருக்கும்."

"யாரு பீருடா கழுத மூத்திரம்?" என்று பென்பூய் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "போன திருநாளுக்கு நாலு குடம் குடிச்சிட்டு என் வாசல்லயே விழுந்து கெடந்தியே, அப்ப எங்கடா போச்சு நாக்கு?"

"பாத்தீங்களா, மந்திரம் வேல செய்யுது" என்றார் ஹூயி. மந்திரித்த நீரால் காலைத் தேய்த்தார். நீலம் கரைந்து சட்டியில் இறங்கியது. கால் பளிச்சென்று வெளிப்பட்டது. ஹூயி சட்டியை இரு கைகளிலும் ஏந்தித் தெருவுக்குக் கொண்டுபோனார்.

"இதான் விஷம். யாரும் கிட்ட வராதீங்க."

ஊரே வாயைப் பிளந்தது. பிழைத்தவன் ஒரு மாதம் பீரைத் தொடக்கூடாது என்பது ஹூயியின் பத்தியம். திருநாளன்று பென்பூய் தண்ணீர்க் குவளையோடு உட்கார்ந்திருக்க, அவன் காய்ச்சிய பீரைக் காஹா நிதானமாகச் சப்புக்கொட்டினான்.

"இந்தத் தடவ பரவால்லடா."

மறுமாதம் மேலும் மூன்று பேரைத் தேள் கடித்தது. மூவருக்கும் கால் நீலம். மேஸ்திரி இரக்கமுள்ளவர்தான், ஆனால் முட்டாளல்ல. வேலைக்களத்து வாசலில் தண்ணீர்த் தொட்டி ஒன்று வந்தது. யாரைத் தேள் கடித்தாலும் முதலில் அதில் கால் கழுவிவிட்டுத்தான் சாகவேண்டும் என்று உத்தரவு.