மிளாவுக்கு வேலிமசால்

மகள் நடக்கத் தொடங்கிய வருடம், எழுபதுகளின் கடைசியில், போடிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த எங்கள் மொச்சைக் கொல்லையில் மிளா இறங்கியது. மான்தான், ஆனால் புள்ளிமான் போலச் சிறியதல்ல. மாட்டுக்கன்று உயரம் இருக்கும். என் கணவர் கண்ணி வைக்கக் கம்பிச் சுருள் வாங்கி வந்தார். வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே வேலி கிடையாது. மகளின் கால் கண்ணியில் மாட்டினால் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மேல் ஓரத்துல தீவனம் வெதைப்போங்க. அங்கேயே வயிறு நெறஞ்சா கீழ வராது" என்றேன்.

"விருந்து வச்சுக் கூப்பிடப் போறியாக்கும்? சரி, மொச்சை பூக்குற வரைக்கும் பாக்குறேன். அப்புறம் கண்ணிதான்" என்றார்.

போடி விதைக்கடையில் தீவன விதையில் குதிரைமசாலும் வேலிமசாலும் இருந்தன. குதிரைமசால் இளசாக வரும், ஆனால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். வேலிமசாலுக்கு மழையே போதும். எங்களுடையது மானாவாரிச் சரிவு. இரண்டையும் மாறி மாறிக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேலிமசாலை வாங்கினேன். பஸ்சில் ஏறியதுமே, தப்பாக வாங்கிவிட்டேனோ என்றிருந்தது.

விதைத்தோல் கெட்டி, வெந்நீரில் போட்டெடுத்து விதைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். பதினைந்து நாளாகியும் பத்து முளைகூட இல்லை.

"வெந்நி எம்புட்டுச் சூடு?" என்று கணவர் கேட்டார்.

"முழங்கையை விட்டுப் பாத்தேன். பதமாத்தான் இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்புள்ள, வெதையக் குளிப்பாட்டியா விட்ட!"

மகளுக்கு ஊற்றும் தண்ணீரை நான் அப்படித்தான் பார்ப்பேன். பழக்கத்தில் கை தானாகப் போயிருக்கிறது. மீதி விதைக்கு அவரே வெந்நீர் வைத்தார், விரல் வைக்க முடியாத சூட்டில்.

புரட்டாசி மழையில் மேல் ஓரம் பச்சை பிடித்தது. மொச்சை பூத்தபோது மசால் நுனியெல்லாம் கடிபட்டிருந்தது. ஈர மண்ணில் குளம்புத் தடம். ஓடிப்போய்க் கீழேயும் பார்த்தேன். மொச்சையில் இரண்டு வரிசை மொட்டையாகக் கிடந்தது. இனிக் கண்ணிதான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னாலேயே வந்தவர், "ஆடு கடிச்சிருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அந்தச் சரிவில் யாரிடமும் ஆடு கிடையாது.

மறுநாள் கம்பிச் சுருளை நீட்டி இரண்டு மரங்களுக்கு நடுவே கொடி கட்டினார். மகளின் ஈரச் சட்டையை அதில் முதலில் காயப் போட்டேன்.