தொடை வழியே ஈரலுக்கு

போன மாதம் ஐந்தருவியில் குளித்துவிட்டுக் கரையேறிய என் மச்சான், வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தியபடி நின்றார். என் மனைவியின் அண்ணன். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். லேசில் வலி என்று சொல்கிற ஆள் இல்லை.

எனக்குத்தான் வைத்தியம் தெரியுமே... “கேஸ் மச்சான். காலையில தின்ன பரோட்டா பண்ணுத வேல” என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன்.

சோடா பாதி இறங்குவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. முகம் வெளுத்தது.

“ஒங்க வைத்தியம் போதும். வண்டிய எடுங்க” என்றாள் மனைவி. பின் சீட்டில் அண்ணன் தலையை மடியில் சாய்த்திருந்தாள். தென்காசி ஆஸ்பத்திரி வரும்வரை முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஸ்கேனில் தெரிந்தது. ஈரலில் ஒரு கட்டி. யாருக்கும் தெரியாமல் வளர்ந்து, வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தம் ஏற்றியபடியே ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். “வயித்தைத் திறக்கலாமா?” என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

“வேண்டாம் சார். தொடையில இருக்கற ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூபை ஈரல் வரைக்கும் கொண்டுபோவோம். எந்தக் குழாய் கசியுதோ, அதை உள்ளேயே அடைச்சிடுவோம்.”

“மயக்க மருந்து?”

“ஊசி போடற இடம் மட்டும் மரத்துப்போகும். அவர் முழிச்சுத்தான் இருப்பார்.”

முழித்துக்கொண்டா? தொடையிலிருந்து ஈரல் வரைக்குமா? அந்தப் பாதையை நான் மனசுக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தேன்...

கண் திறந்தபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன்; எழுந்தால் மறுபடி கிறுகிறுத்ததால், மச்சானுக்கு எல்லாம் முடியும்வரை அப்படியே கிடந்தேன். மனைவி ஸ்கேன் ஃபிலிம் கவரால் விசிறிக்கொண்டிருந்தாள். “அண்ணனுக்கு ரத்தம் நின்னுட்டாம். நீங்க எந்திரிக்கேளா?” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும்தான்.

கட்டிக்கு இனிமேல்தான் சிகிச்சை. அது தனிப் போராட்டம். ஆனால் அதில் போராட மச்சான் இருக்கிறார்.

இரண்டொரு நாளில் சுரண்டையிலிருந்து சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். மச்சான் தலையணையில் சாய்ந்தபடி, “எனக்கென்ன, முழிச்சித்தான கெடந்தேன். மாப்ளதான் பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாரு” என்றார்.

கொண்டுவந்த சாத்துக்குடிப் பையை என்னிடம் நீட்டினார்கள்.

வாங்கிக்கொண்டேன்.